புனைபெயர் உங்களைக் காக்காது

கேள்வி: மத்திய அரசின் அஞ்சல் துறையில் உதவியாளராகப் பணியாற்றுகிறேன். அலுவலக அனுபவங்களைப் புனைபெயரில் இணையத்தில் எழுதிவருகிறேன். புதிய நடைமுறை ஒன்றைக் கேலி செய்து, அதற்கான சுற்றறிக்கையின் படத்தையும் வெளியிட்டேன். எழுதுவது நான்தான் என்பதைச் சக ஊழியர் ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, எழுதுவதையே நிறுத்திவிடட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: எழுதுவதை நிறுத்த வேண்டியதில்லை, புனைபெயரை நம்புவதை நிறுத்துங்கள். உங்களுக்குப் பொருந்தும் 1964-ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் நடத்தை விதிகளில் 9-ஆவது விதி, சொந்தப் பெயரில் எழுதினாலும், பெயரில்லாமல் எழுதினாலும், புனைபெயரிலோ பிறர் பெயரிலோ எழுதினாலும், அரசின் நடப்புக் கொள்கையையோ அண்மைக் கால நடவடிக்கையையோ பாதகமாக விமர்சிக்கக் கூடாது என்கிறது. அரசு ஊழியர் என்பதாலேயே ஒருவர் பேச்சுரிமையை இழந்துவிடுவதில்லை என்று 2020-இல் திரிபுரா உயர் நீதிமன்றம் கூறியது உண்மை. ஆனால் அந்த உரிமையும் நடத்தை விதிகளுக்கு உட்பட்டதே.

கேலியைவிடச் சுற்றறிக்கையின் படமே எனக்குக் கவலை தருகிறது. கேலியை நகைச்சுவை என்றாவது வாதிட்டுப் பார்க்கலாம். அனுமதி இல்லாதவருக்கு அலுவலக ஆவணத்தையோ அதன் ஒரு பகுதியையோ நேரடியாகவோ மறைமுகமாகவோ தரக் கூடாது என்பது 11-ஆவது விதி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் யாரும் கேட்டு வாங்கக்கூடியதுதானே என்று வாதிடாதீர்கள். 2005-ஆம் ஆண்டின் அச்சட்டப்படி விண்ணப்பம் பொதுத் தகவல் அலுவலரிடம் போக வேண்டும், உங்கள் கைப்பேசிக்கு அல்ல. துறையே தன் இணையதளத்தில் வெளியிட்ட சுற்றறிக்கை என்றால் அந்த முகவரியை மட்டும் கொடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். அனுபவங்கள் என்று எழுதும்போது கவுண்டருக்கு வருபவர்களும் அதில் வந்துவிடுவார்கள். முதிர்வுத் தொகையை மகனுக்குத் தெரியாமல் எடுக்க வந்த மூதாட்டியைப் பெயர் சொல்லாமல்தான் எழுதியிருப்பீர்கள். ஆனால் எந்த ஊர் அஞ்சலகம், எந்த மாதம், அவருக்கு என்ன தொழில் என்ற மூன்றும் தெரிந்தால் ஒரு சிற்றூரில் அவர் யார் என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். துறையின் அதிருப்தியை உங்கள் விளக்கம் தணிக்கலாம். அந்த வீட்டில் மூளும் சண்டைக்கு உங்களால் பரிகாரம் தேட முடியாது. அந்த நாற்காலியில் அமர்ந்திருந்ததால் மட்டுமே உங்களுக்குத் தெரிந்த எதையும் எழுதாதீர்கள். கவிதை, கதை, ஊர் வரலாறு, சேமிப்புத் திட்டங்களைப் பற்றி அரசே அறிவித்த விவரங்கள் என்று எழுத வேறு எவ்வளவோ இருக்கின்றன. கருத்துகள் உங்களுடையவை, துறையுடையவை அல்ல என்ற குறிப்பைப் பக்கத்தில் வையுங்கள். அது நல்ல வழக்கம்தான், ஆனால் 9-ஆவது விதியிலிருந்து உங்களை விடுவிக்காது.

இப்போதைக்குச் சுற்றறிக்கையின் படத்தையும், வாடிக்கையாளரை அடையாளம் காட்டும் பதிவுகளையும் மட்டும் நீக்குங்கள். எல்லாவற்றையும் ஒரே இரவில் அழித்தால் மறைக்கப் பார்த்தீர்கள் என்றே தோன்றும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர் ஏற்கெனவே எடுத்திருப்பார். சக ஊழியரிடம் கெஞ்சவும் வேண்டாம். மேலதிகாரி எழுத்து மூலம் விளக்கம் கேட்டால், உங்கள் சங்கத்தில் விதிகள் தெரிந்த ஒருவரைக் கலந்தாலோசித்து, நடந்ததை உள்ளபடியே எழுதி, படத்தை நீக்கிய தேதியையும் அதில் குறிப்பிடுங்கள்.