தினமும் ஓட்டும் ஸ்விஃப்ட்டை டிராக்கிலும் ஓட்ட சஸ்பென்ஷனை எப்படி அமைப்பது?

சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் எப்போதாவது ஓட்ட, முதலில் வண்டியின் உயரத்தைக் குறைக்கும் லோயரிங் ஸ்பிரிங் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நம் ஊர் வேகத்தடையில் அடி தட்டுவது இருக்கட்டும். குட்டை ஸ்பிரிங் அமுங்கி பம்ப் ஸ்டாப்பில் (சஸ்பென்ஷன் அதற்கு மேல் அமுங்காமல் தடுக்கும் ரப்பர் கட்டை) முட்டினால், வளைவின் நடுவில் பிடி சட்டென்று போய்விடும்.

முதலில் தேய்ந்த புஷ் (சஸ்பென்ஷன் இணைப்புகளில் உள்ள ரப்பர்), டேம்பர் (ஷாக் அப்சார்பர்) ஆகியவற்றை மாற்றுங்கள். அப்புறம் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது. முன்சக்கர இழுவை வண்டி வளைவில் மூக்கை வெளியே தள்ளும். கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு; மேல்பக்கம் உள்ளே சாய்ந்தால் மைனஸ். கேம்பர் போல்ட் போட்டு முன்சக்கரங்களில் அதை மைனஸ் 1.5 டிகிரி வரை கொண்டுவந்தால் அது நன்றாகவே குறையும். டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) பூஜ்யத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேயும்.

காற்றழுத்தம் சரியா என்று பார்க்க ஒரு சாக்பீஸ் போதும். டயர் தரையில் படும் பகுதியின் விளிம்பிலிருந்து பக்கச்சுவர் வரை கோடு போட்டு நான்கு சுற்று ஓட்டுங்கள். பக்கச்சுவரிலும் கோடு அழிந்திருந்தால் காற்று குறைவு. டயர் சூட்டில் காற்றை இறக்கியிருந்தால், ஆறியதும் மறக்காமல் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.