ஹாட் டப் தண்ணீரின் காரத்தன்மை: எதை வாங்கி அளப்பது?

கேள்வி: டொராண்டோவை ஒட்டிய மார்க்கம் நகரில் இருக்கிறோம். வீட்டுப் பின்முற்றத்தில் 1,500 லிட்டர் ஹாட் டப் (உட்கார்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டி) வைத்திருக்கிறோம். தண்ணீரின் காரத்தன்மையைக் காகிதப் பட்டையால் பார்த்தால் ஒரு நாள் 40 காட்டுகிறது, மறுநாள் 120. கடைக்காரர் டிஜிட்டல் பிஎச் மீட்டரையும், காரத்தன்மையை உயர்த்தும் பொடியையும் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம்.

பிஎச் என்பது, தண்ணீர் இந்த நிமிடம் அமிலப் பக்கம் நிற்கிறதா, காரப் பக்கம் நிற்கிறதா என்பதைச் சொல்வது. மொத்தக் காரத்தன்மை வேறு. அமிலம் சேரும்போது பிஎச் சட்டென்று சரிந்துவிடாமல் தாங்கிப் பிடிக்கும் பைகார்பனேட் போன்றவை தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கின்றன என்ற கணக்கு அது. எவ்வளவு விலை கொடுத்தாலும் பிஎச் மீட்டர் அந்தக் கணக்கைச் சொல்லாது. இதைச் சொல்லாமல் விற்பது எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை.

நீங்கள் வாங்க வேண்டியது சொட்டு விட்டுப் பார்க்கும் பரிசோதனைப் பெட்டி. 25 மில்லி தண்ணீரில் நிறங்காட்டியை விட்டால் பச்சையாகும். பிறகு அமிலக் கரைசலை ஒவ்வொரு சொட்டாக விட்டுக் கலக்கிக்கொண்டே வந்தால், ஏதோ ஒரு சொட்டில் சிவப்பாக மாறும். பல பெட்டிகளில் ஒரு சொட்டுக்கு 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற அளவு; பட்டை காட்டும் எண்ணும் இதே அளவில்தான்). ஒன்பதாவது சொட்டில் மாறினால் 90. பட்டையிலோ 40, 80, 120 என்ற பச்சைகளை மாலை வெளிச்சத்தில் கண்ணாலேயே பிரித்தறிய வேண்டும். போதாததற்கு, ஈரக் கையால் எடுத்தாலோ நீராவி படும் இடத்தில் வைத்தாலோ பட்டைகள் கெட்டுப்போகும். உங்களுக்கு நேர்ந்தது அநேகமாக இதுதான்.

தண்ணீர் எடுப்பதிலும் கவனம் வேண்டும். பம்பைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்திய பின், முழங்கை ஆழத்திலிருந்து எடுங்கள். சொட்டுப் புட்டியைச் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடித்தால்தான் சொட்டுகள் ஒரே அளவாக விழும். குளோரின் போட்ட கையோடு சோதிக்காதீர்கள். குளோரின் அதிகமாக இருந்தால் நிறமே மாறிப்போய், பச்சை-சிவப்புக்குப் பதில் நீலமும் மஞ்சளும் தெரியும்.

80 முதல் 120 பிபிஎம் வரை நல்லது. அதற்குக் கீழே போனால் பிஎச் நிலையில்லாமல் ஆடும். அமிலப் பக்கம் சரிந்தால் ஹீட்டரின் உலோகத்தை அரிக்கும். மேலே போனால், தண்ணீரைப் பீய்ச்சும் ஜெட் கிளப்பும் குமிழிகளோடு கரியமில வாயு வெளியேறி பிஎச் ஏறிக்கொண்டே இருக்கும்; ஹீட்டரில் வெள்ளைப் படிவு உட்காரும்.

பொடியின் டப்பாவைத் திருப்பி, உள்ளடக்கத்தைப் படியுங்கள். பெரும்பாலும் சோடியம் பைகார்பனேட் என்றுதான் இருக்கும். அது நம் அடுக்களையில் இருக்கும் ஆப்ப சோடா! மளிகைக் கடையில் பெரிய பொட்டலமாகவே கிடைக்கிறது. பேக்கிங் பவுடரும் சலவைச் சோடாவும் வேறு, அவற்றைப் போட்டுவிடாதீர்கள். 1,000 லிட்டருக்கு 10 பிபிஎம் உயர்த்த ஏறத்தாழ 17 கிராம் வேண்டும். உங்கள் தொட்டியில் 60 இருந்து அதை 90 ஆக்க வேண்டுமென்றால் சுமார் 75 கிராம். பாதியை முதலில் போட்டு, பம்பை ஓடவிட்டு, சில மணி நேரம் கழித்து அளந்த பிறகு மீதியைப் போடுங்கள். காரத்தன்மை சரியான பிறகே பிஎச்சைத் தொடுங்கள்.

இன்னொன்று, பெட்டி வாங்கியதும் முதலில் குழாய்த் தண்ணீரைச் சோதித்துக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வருவது ஒன்டாரியோ ஏரித் தண்ணீர். அதுவே 80க்கு மேல் காட்டினால், புதிதாக நிரப்பும்போது சோடாவுக்கே வேலை இருக்காது. அதன்பின் வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். வாங்கும்போது கரைசல்களின் காலாவதித் தேதியைப் பாருங்கள். குளிர்காலத்தில் பெட்டியை கராஜில் விட்டால் கரைசல் உறைந்துவிடும். வீட்டுக்குள், குழந்தைகளுக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள்.