அண்ணா பல்கலைக்கழகத்தில் தமிழ்வழியில் சிவில் இன்ஜினியரிங் படித்த அனுபவம் எப்படி இருந்தது? என் தம்பியைச் சேர்க்கலாமா?

கேட்டவரின் தம்பி பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர். கவுன்சலிங்கில் அண்ணா பல்கலைக்கழகமே நேரடியாக நடத்தும் உறுப்புக் கல்லூரி ஒன்றில் தமிழ்வழி சிவில் கிடைக்கலாம், தனியார் கல்லூரியில் ஆங்கிலவழி சிவிலும் கிடைக்கலாம், எதை எடுப்பது என்று அக்கா கேட்டிருக்கிறார். நான் 2013இல் தெற்கே ஓர் உறுப்புக் கல்லூரியில் தமிழ்வழி சிவில் சேர்ந்து 2017இல் முடித்தவள். இரண்டு வருடம் சைட்டில் நின்றேன். இப்போது கட்டட வடிவமைப்பு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எடுக்கலாம். ஆனால் தமிழ்வழி என்றால் ஆங்கிலம் தேவைப்படாது என்று நினைத்து எடுக்கக் கூடாது. அந்த நினைப்போடு வந்து கடைசி வருடத்தில் திணறியவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

2010இல்தான் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் இரண்டு பிரிவுகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. நான் சேரும்போது கவுன்சலிங் நேரில்தான், கிண்டி வளாகத்தில். அப்பா கொத்தனார். இரண்டு நாள் வேலையை விட்டுவிட்டு என்னோடு பஸ்ஸில் வந்தார். 5000 ரூபாய் டிடியை மஞ்சப்பைக்குள் ஒரு நோட்டில் வைத்து, அந்தப் பையை இரவு முழுக்க மடியிலேயே வைத்திருந்தார். அரங்கத்துத் திரையில் ஒவ்வொரு கல்லூரியிலும் இடங்கள் குறைந்துகொண்டே வந்தன. சிவில் ஒரு வரி, சிவில் தமிழ்வழி தனி வரி. முதல் வரியில் எனக்கு வேண்டிய இடம் இல்லை. இரண்டாவதில் இருந்தது. அப்பா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "பாப்பா, உனக்குப் புரியிற மாதிரி எதுல சொல்லிக் குடுப்பாங்க?" நான் தமிழ்வழியைக் கைகாட்டினேன். முதல் பட்டதாரிச் சான்றிதழ் கையில் இருந்ததால் கல்விக் கட்டணச் சலுகையும் கிடைத்தது. உங்கள் வீட்டிலும் தம்பிதான் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், கடைசி நேரத்தில் அலைய வேண்டாம்.

முதல் வருடம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கணிதம், இயற்பியல், வேதியியல் எல்லாம் பிளஸ் டூவின் தொடர்ச்சி போலத்தான் இருந்தன. டெக்னிக்கல் இங்கிலீஷ் எங்களுக்கும் உண்டு, இரண்டு செமஸ்டர். எனக்கு இடறியது சி புரோகிராமிங். மொழியே ஆங்கிலச் சொற்களால் ஆனது. அதைப் புரிந்துகொள்ளாமல் மனப்பாடம் செய்து எழுதினேன், அரியர் விழுந்தது. அடுத்த முறை கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்து ஒவ்வொரு புரோகிராமையும் நானே அடித்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் தேறியது.

மூன்றாம் செமஸ்டரில்தான் சிவில் தொடங்கியது. திண்மங்களின் இயக்கவியல் என்ற பாடம். ஆங்கிலவழி நண்பர்கள் ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெயின் என்று புதிதாகப் பழகிக்கொண்டிருந்தபோது எங்களுக்குத் தகைவும் திரிபும் பதினோராம் வகுப்பு இயற்பியலிலேயே பழகியவை. யங் குணகம், பாய்சன் விகிதம், நிலைமத் திருப்புத்திறன் எல்லாம் தெரிந்த முகங்கள். பள்ளியில் தமிழ்வழியில் படித்து வந்தவருக்கு இது பெரிய பலம். இதே காரணத்தால்தான், கட்ஆஃப் குறைவாக நிற்கிறது என்பதற்காக மட்டும் தமிழ்வழியை எடுத்த ஆங்கிலவழிப் பள்ளி மாணவர்கள் எங்கள் வகுப்பில் மிகவும் கஷ்டப்பட்டார்கள். 'சறுக்குப்பெயர்ச்சித் தகைவு' (ஷியர் ஸ்ட்ரெஸ்) என்பதை வாசிப்பதற்கே அவர்களுக்கு நேரம் எடுத்தது. உங்கள் தம்பிக்கு அந்தக் கஷ்டம் இருக்காது.

அந்த செமஸ்டரில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். விட்டங்களில் வளைவு பற்றிய பாடம். இரு பக்கமும் தாங்கி நிற்கும் விட்டத்தின் மேல் எடை வைத்தால் அது நடுவில் கீழே தொய்யும். அப்போது மேல் பகுதி அமுங்கும், கீழ்ப் பகுதி இழுபடும். காங்கிரீட் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். இழுவையில் அதன் பலம் அமுக்கத்தில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அதனால் இழுபடும் பக்கத்தில் கம்பி போடுகிறோம். ஜன்னலுக்கு மேல் நீட்டிக்கொண்டு, ஒரு பக்கம் மட்டும் சுவரில் பிடித்திருக்கும் சன்ஷேடுக்கோ இது தலைகீழ். முனை கீழே தொங்கப் பார்க்கும்போது மேல் பகுதிதான் இழுபடுகிறது. ஆகவே கம்பி மேலே இருக்க வேண்டும். ஆசிரியர் இதைத் தமிழில் சொல்லி, ஒரு ரப்பர் அழிப்பானில் கோடுகள் போட்டு வளைத்துக் காட்டினார். கோடுகள் ஒரு பக்கம் நெருங்கின, மறுபக்கம் விலகின.

அன்று இரவு ஹாஸ்டலிலிருந்து அப்பாவுக்குப் போன் செய்தேன். "சன்ஷேடுக்குக் கம்பி எங்க இருக்கணும்பா?" என்றேன். "மேலதான். ஆளுங்க மிதிச்சுக் கீழ எறக்கிடக் கூடாது, அதுக்குத்தான் நான் கத்திக்கிட்டே இருப்பேன்" என்றார். முப்பது வருடமாக அப்படித்தான் போட்டுவருகிறார். ஏன் என்று கேட்டேன். அவருடைய மேஸ்திரி சொன்னது, அவ்வளவுதான். நான் அழிப்பானைக் கையில் வைத்துக்கொண்டு, அமுங்குவதும் இழுபடுவதும் எப்படி என்று சொல்லிக்கொண்டே போனேன். அப்பா நடுவில் ஒன்றும் பேசவில்லை. கடைசியில், தான் சித்தாளாக இருந்தபோது ஓர் ஊரில், காங்கிரீட் இறுகும்வரை தாங்கி நிற்கும் சென்ட்ரிங் பலகையைப் பிரித்ததும் சன்ஷேட் அப்படியே மடிந்து விழுந்ததைச் சொன்னார். "அன்னிக்குக் கம்பி அடியில கெடந்திருக்கு பாப்பா. அதான்னு இப்பத்தான் வெளங்குது" என்றார்.

நான் ஆங்கிலத்தில் படித்திருந்தாலும் தேர்வில் அந்த விடையை எழுதியிருப்பேன். ஆனால் அன்று இரவே அப்பாவிடம் சொல்லியிருக்க மாட்டேன். சொல்ல எனக்குச் சொற்கள் இருந்திருக்காது. தமிழ்வழியில் படித்ததில் எனக்குக் கிடைத்த பெரிய பயன் இதுதான். பாடம் மனசுக்குள் இறங்கிய பிறகு நினைத்த இடத்தில் நினைத்தவரிடம் எடுத்துச் சொல்ல முடிந்தது.

இனி கஷ்டங்கள். நாங்கள் படித்தபோது தமிழில் பொறியியல் புத்தகங்கள் குறைவு. இரண்டு மார்க் கேள்விகளுக்கு வகுப்புக் குறிப்புகளே போதுமாக இருந்தன. பதினாறு மார்க் கேள்விகளில் கணக்குகள்தான் அதிகம் இருந்தன, அவற்றுக்கு ஆங்கிலப் புத்தகத்தைத்தான் திறக்க வேண்டியிருந்தது. காங்கிரீட் வடிவமைப்புக்கு அடிப்படையான ஐஎஸ் 456 விதித்தொகுப்பை நாங்கள் ஆங்கிலத்தில்தான் பயன்படுத்தினோம். வரைபடத்துக்கும் வடிவமைப்புக்கும் பயன்படும் ஆட்டோகேட், ஸ்டாட் புரோ மென்பொருள்கள் ஆங்கிலம். பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வு ஆங்கிலம். கலைச்சொற்களிலும் ஒரு குழப்பம் உண்டு. ஒரே பொருளை ஒரு குறிப்பில் வெட்டுவிசை என்பார்கள், இன்னொன்றில் நறுக்குவிசை என்பார்கள். நான் தேர்வில் தமிழ்ச் சொல்லை எழுதி, பக்கத்திலேயே ஷியர் ஃபோர்ஸ் என்று சேர்த்து எழுதிவிடுவேன். திருத்துபவருக்குச் சந்தேகம் வராது.

இதற்கு நானே ஒரு வழி செய்துகொண்டேன். இருநூறு பக்க நோட்டு ஒன்றில் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாகக் கோடு போட்டேன். முதலில் ஆங்கிலச் சொல், அடுத்து பாடத் தமிழ், மூன்றாவதாக அப்பா சைட்டில் சொல்லும் சொல். பாடத்தில் தூண், சைட்டில் பில்லர். பாடத்தில் விட்டம், சைட்டில் பீம். ஸ்பிரிட் லெவலுக்கு அப்பாவின் சொல் ரசமட்டம். பிளம் பாபுக்குத் தூக்குக்குண்டு. பைண்டிங் வயருக்குக் கட்டுக்கம்பி. நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ஸ்டிரப்புக்கு வெறும் 'ரிங்'. விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அப்பாவை உட்கார வைத்து மூன்றாவது பத்தியை நிரப்புவேன். பின்னாளில் சைட் வேலையில் முதல் நாளே கம்பி கட்டுபவர்களோடு தடங்கல் இல்லாமல் பேச முடிந்தது அந்த மூன்றாவது பத்தியால்தான். வடிவமைப்பு அலுவலகத்தில் இன்றைக்கும் முதல் பத்தி வேண்டும். உங்கள் தம்பி வேறு எதைச் செய்யாவிட்டாலும் முதல் நாளிலிருந்து இந்த நோட்டைப் போடச் சொல்லுங்கள்.

நான்காம் செமஸ்டர் முடிந்து, நிலத்தை அளந்து பழகும் சர்வே கேம்ப். கோணம் அளக்கும் தியோடலைட்டையும் உயரம் பார்க்கும் லெவலையும் அளவுக்கோலான ஸ்டாஃபையும் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைந்த நாட்கள். அவற்றை இப்போதும் ஆசையாக நினைத்துக்கொள்கிறேன். எந்தக் கிராமத்தில் கருவியை நிறுத்தினாலும் யாராவது வந்து, "ரோடு வருதாம்மா? எங்க நிலம் போகுமா?" என்று கேட்பார்கள். அவர்கள் உண்மையான பயத்தோடு கேட்பதால் நின்று பதில் சொல்ல வேண்டும். மேடு பள்ளம் எவ்வளவு என்று அளக்கிறோம், இது வெறும் படிப்புக்காக என்று ஒரு தாத்தாவுக்கு லெவலின் கண்ணாடி வழியாக ஸ்டாஃபைக் காட்டினேன். சிவில் பொறியாளர் வேலையில் பாதி இப்படிப் பொதுமக்களோடு பேசுவதுதான்.

வேலைவாய்ப்பு விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். இறுதி ஆண்டில் ஒரு நிறுவனத்தின் நேர்காணலில், பெண்டிங் மொமென்ட் (விட்டத்தை வளைக்கும் திருப்புத்திறன்) என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். தலைக்குள் விடை தமிழில் முழுசாக இருந்தது. வாயில் ஆங்கிலமாக வரவில்லை. கேட்டவர், "தமிழ்வழியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அன்று கல்லூரி பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். எனக்குத் தெரிந்த விஷயத்தை எனக்குத் தெரியாது என்று ஒருவர் முடிவு செய்துவிட்டாரே என்ற வருத்தம் நெடுநாள் இருந்தது. அதன்பிறகு நானும் என் அறைத்தோழியும் தினமும் இரவு அரைமணி நேரம் ஒருவருக்கொருவர் ஆங்கிலத்தில் பாடம் நடத்தினோம். இலக்கணம் பார்க்கவில்லை, வாயைத் திறப்பதுதான் குறி. அடுத்த இரண்டு நேர்காணலும் போயின. மூன்றாவதில் ஒரு தாள் கேட்டு வாங்கி, வெட்டுவிசை வரைபடத்தையும் வளைவு வரைபடத்தையும் வரைந்துகொண்டே சின்னச் சின்ன வாக்கியங்களில் விளக்கினேன். அந்த வேலை கிடைத்தது. படம் போட்டுக் காட்டத் தெரிந்தால் சிவிலில் பாதி மொழிப் பிரச்சினை தீரும். இந்தப் பழக்கத்தை நான் கடைசி வருடத்தில் தொடங்கினேன், தம்பி முதல் வருடத்திலேயே தொடங்கட்டும்.

அரசு வேலை நோக்கம் இருந்தால் தமிழ்வழிக்குக் கூடுதல் பயன் உண்டு. 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாடு அரசுப் பணி நியமனங்களில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டதால் இப்போது பட்டம் மட்டும் தமிழ்வழியில் இருந்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியாக இருக்க வேண்டும். உங்கள் தம்பி இரண்டிலும் பொருந்துகிறார். பள்ளியிலிருந்தே தமிழ்வழிச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். என் வகுப்புத் தோழி ஒருத்தி இந்த முன்னுரிமையில்தான் அரசுத் துறையில் உதவிப் பொறியாளர் ஆனாள்.

இன்னொன்று, 2023 மே மாதம் உறுப்புக் கல்லூரிகளில் இந்தத் தமிழ்வழிப் பிரிவுகளை நிறுத்திவைப்பதாக அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் அது திரும்பப் பெறப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு மனசு ஆறவில்லை. மாணவர்கள் சேராததால் மூடுகிறோம் என்றால், ஏன் சேரவில்லை என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நல்ல பாடப்புத்தகங்கள், ஒரே மாதிரியான கலைச்சொற்கள், ஆங்கிலத்தில் பேசப் பழக வாரம் சில மணி நேரம், இவை மூன்றும் இருந்தால் பிள்ளைகள் வருவார்கள். ஆகவே இந்த வருடம் எந்தக் கல்லூரியில் எத்தனை தமிழ்வழி இடங்கள் என்று இணையத்தில் விருப்பப் பட்டியல் போடும் முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தனியார் கல்லூரியைப் பற்றியும் விசாரியுங்கள். ஆங்கிலவழி என்று பெயர் இருந்தாலும் பல கல்லூரிகளில் வகுப்பு நடப்பது தமிழில்தான், தேர்வு மட்டும் ஆங்கிலத்தில். அங்கே படிக்கும் மூன்றாம் வருட மாணவர் இரண்டு பேரிடம் பேசிப் பாருங்கள். காங்கிரீட் லேபில் பலம் சோதிக்கும் கியூபை (கனசதுரக் கட்டியை) தாங்களே வார்த்து, 28 நாள் தண்ணீரில் வைத்து, தாங்களே உடைத்துப் பார்த்தார்களா, அல்லது ரெக்கார்ட் நோட்டில் முந்தைய வருட அளவுகளைப் பார்த்து எழுதினார்களா என்று கேளுங்கள். லேபும் ஆசிரியர்களும் அங்கே உண்மையிலேயே நன்றாக இருந்து, கட்டணமும் உங்களால் முடியும் என்றால் அதையும் மோசம் என்று சொல்ல மாட்டேன். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தால் உறுப்புக் கல்லூரித் தமிழ்வழியை முதலில் போடுங்கள். அப்புறம், முடிவு செய்யும்போது தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.