மகன் கை கொடுக்க மறுக்கிறான், அப்பா கேலரியில் கத்துகிறார்

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. மன்னார்குடி பக்கம் ஊர். இரண்டு வருடமாகத் தஞ்சாவூருக்கு மல்யுத்தப் பயிற்சிக்குப் போகிறான். நன்றாகத்தான் செய்கிறான். ஆனால் தோற்றால் எதிராளிக்குக் கை கொடுப்பதில்லை. போன மாதம் ஒரு போட்டியில் தண்ணீர் பாட்டிலை எட்டி உதைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டான். என் வீட்டுக்காரர் பழைய கபடி ஆட்டக்காரர். கேலரியில் நின்று நடுவரைத் திட்டுகிறார், முடிந்ததும் நடுவர்கள் மேஜைக்குப் போய் மொபைல் வீடியோவைக் காட்டிச் சண்டை போடுகிறார். இதில் நான் யாரைத் திருத்துவது?
– ஒரு தாய், திருவாரூர் மாவட்டம்

பதில்: இரண்டு பேரையும்தான் அம்மா, ஆனால் வேறு வேறு வழியில். அவருக்கு மல்யுத்தக் கணக்குத் தெரியவில்லை. பையனுக்குத் தோற்றபின் செய்ய வேண்டியதை யாரும் பழக்கவில்லை. அவரிடமிருந்தே தொடங்குங்கள். தோற்ற பையன் தலையை நிமிர்த்தியதும் முதலில் தேடுவது கேலரியில் இருக்கும் அப்பா முகத்தைத்தான்.

நம் பக்கத்தில் ஆட்டம் பார்ப்பது என்றாலே கபடி பார்ப்பதுதான். பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் ராத்திரி லைட்டு போட்டு நடத்தும் ஆட்டத்தில், கோட்டோரம் நின்று ‘தொட்டுட்டான் சார், அவுட்டு!’ என்று ஊரே கத்தும். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தப் பழக்கத்தோடு மல்யுத்தம் பார்க்க வந்தால் சிக்கல். இங்கே பல பாயிண்டுகளின் காரணம், விதி தெரியாதவர் கண்ணுக்குத் தெரியாது. ‘சும்மா நின்னவனுக்குப் பாயிண்ட் குடுத்துட்டான்’ என்ற கோபம் பெரும்பாலும் மூன்று இடத்தில்தான் வரும்.

முதலாவது, ஒதுங்குவது. ஃப்ரீஸ்டைலில் (காலையும் பிடிக்கலாம் என்ற மல்யுத்த வகை) ஒருவன் பிடிக்கே போகாமல் விலகிக்கொண்டே இருந்தால் நடுவர் வாயால் எச்சரிப்பார். அதற்கும் அசையவில்லை என்றால் 30 நொடி கெடு. அதற்குள் யாருக்கும் பாயிண்ட் விழவில்லை என்றால் எதிராளிக்கு 1. இரண்டாவது, வெளியே கால் வைப்பது. ஒரு பாதம் முழுதாக வெளிப்பகுதியில் பட்டால் எதிராளிக்கு 1; ‘தானாத்தானே போனான்’ என்று வாதாடிப் பயனில்லை.

மூன்றாவதுதான் சண்டையில் முடிவது. ஸ்கோர் 4-4, ஆட்டம் முடிந்துவிட்டது, எதிராளியின் கையைத் தூக்குகிறார்கள். அப்பாவுக்குத் தலை சுற்றுகிறது. சமமாக இருந்தால் பெரிய மதிப்புள்ள பிடி யாருடையது என்று முதலில் பார்ப்பார்கள். உங்கள் பையன் இரண்டு டேக்டவுன் (எதிராளியைக் கீழே வீழ்த்தி அடக்குவது) போட்டு 2, 2 என்று நான்கு எடுத்திருப்பான். எதிராளி ஒரே தூக்கில் 4 எடுத்திருப்பான். வெற்றி எதிராளிக்கு. அதிலும் சமம் என்றால் எச்சரிக்கை குறைவாக வாங்கியவன் ஜெயிப்பான். அதுவும் சமம் என்றால் கடைசியாகப் பாயிண்ட் எடுத்தவன். இந்த வரிசை தெரிந்தவர், கடைசி அரை நிமிடத்தில் பையன் எதற்குப் போராட வேண்டும் என்பதைத் தாமே கண்டுகொள்வார்.

அவருக்கு ஒரு 40 பக்க நோட்டும் பேனாவும் வாங்கிக்கொடுங்கள். 15 வயதுக்குட்பட்டோர் ஆட்டம் 2 நிமிடம் வீதம் இரண்டு பாதி, நடுவில் 30 நொடி இடைவெளி. நேரம், வீரரின் உடை நிறம், பாயிண்ட், காரணம் என்று நான்கு கட்டம் போட்டு ஒவ்வொன்றையும் எழுதச் சொல்லுங்கள்: ‘0:40, நீலம், 1, வெளியே. 1:15, சிவப்பு, 2, டேக்டவுன்.’ காரணக் கட்டம் காலியாக இருந்தால் கேள்விக்குறி போடட்டும். மாலையில் கோச்சிடம் கேட்கலாம். எழுதிக்கொண்டே கத்துவது கஷ்டம் என்பது கூடுதல் லாபம். ‘என்னாங்க, இந்த நோட்டு இருந்தா அடுத்த போட்டிக்கு கோச்சுக்கே உதவும்’ என்று சொல்லிக் கொடுங்கள். ‘நீங்க கத்தாம இருக்கத்தான்’ என்று சொன்னால் நோட்டு பைக் டிக்கியிலேயே கிடக்கும்.

கத்துவதால் பையனுக்கு என்ன நஷ்டம் என்பதையும் அவர் நேரில் பார்க்கட்டும். மூலையில் இருந்து கோச் ‘காலு, காலு!’ என்பார், கேலரியில் இருந்து அப்பா ‘தூக்குடா!’ என்பார். பையன் பார்க்க வேண்டியது எதிராளியின் இடுப்பை. அப்பா குரலுக்கு அரை நொடி முகம் திரும்பினால் போதும், எதிராளி காலுக்குள் புகுந்துவிடுவான். வீடியோ எடுக்கிறார் இல்லையா, அதில் பாயிண்ட் போன இடங்களை மட்டும் நிறுத்தி, பையனின் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். உட்காருவதும் கோச் இருக்கும் மூலைக்கு மேலே வேண்டாம்; எதிர்ப்பக்கம், பின்வரிசை.

மேஜைச் சண்டை வீண். சர்வதேச விதிப்படி ஆட்டம் முடிந்த பிறகு முடிவை எதிர்த்து முறையீடு கிடையாது. பாயிண்டை ஒரே ஆள் முடிவு செய்வதும் இல்லை. நடுவர், ஜட்ஜ், மேட் சேர்மன் மூவரில் இருவர் ஒத்துப்போக வேண்டும். வீடியோ வசதி உள்ள போட்டியில், ஆட்டத்தின் நடுவில், கோச் மட்டும் சேலஞ்ச் (வீடியோவை மறுபடி பார்க்கச் சொல்வது) கேட்கலாம். அது தோற்றால் எதிராளிக்கு 1 பாயிண்ட் போய்விடும். கேலரி மொபைலுக்கு இதில் இடமே இல்லை. பெயர், எடைப் பிரிவு, ஸ்கோர் தாளில் எழுத்துப் பிழை என்றால் கோச் உடனே போய்ச் சொல்லலாம், அதுவும் கோச்தான். கோச்சே நடுவரைத் திட்டினால் முதலில் மஞ்சள் அட்டை, அடங்கவில்லை என்றால் சிவப்பு. பையன் மூலையில் ஆளில்லாமல் நிற்பான். பெரியவர்கள் அளவில் இது எங்கே போய் முடியும் என்பதற்கு 2022 மே மாதம் டெல்லியில் நடந்த காமன்வெல்த் தேர்வுப் போட்டி சாட்சி. வீடியோ பார்த்துச் சொன்ன முடிவு பிடிக்காமல் 125 கிலோ வீரர் ஒருவர் நடுவரை அடித்தார். மல்யுத்தக் கூட்டமைப்பு அவருக்கு ஆயுள் தடை போட்டது.

இனி பையன். கை கொடுப்பதை மனப்பக்குவம் என்று நினைத்து அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கிறோம். 14 வயதில், நெஞ்சு படபடக்க, அழுகை தொண்டையில் நிற்கும்போது பக்குவம் எங்கிருந்து வரும்? அதைப் பிடி போலவே உடம்புக்குப் பழக்க வேண்டும். வரிசை இது: விசில், நடுவட்டத்துக்குத் திரும்புதல், நடுவர் பக்கத்தில் நேராக நிற்றல், முடிவு அறிவிப்பு, எதிராளிக்குக் கை, நடுவருக்குக் கை, எதிராளியின் கோச்சுக்குக் கை, பிறகுதான் தன் மூலை. இது மரியாதைக்காகச் செய்வது மட்டுமில்லை, விதியிலேயே உள்ளது. மீறினால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம்.

கோச்சிடம் கேளுங்கள்: தினப் பயிற்சியின் கடைசியில், எல்லாரும் மூச்சு வாங்கும்போது, ஐந்து முறை இதைச் செய்யச் சொல்லட்டும். ஐந்தில் மூன்று முறை உங்கள் பையன்தான் ‘தோற்றவன்’. ஓய்ந்திருக்கும்போது, சிரித்துக்கொண்டு செய்தால் ஒட்டாது. மூன்று வாரத்தில் கால் தானாக எதிர் மூலைக்கு நடக்கும். வழக்கமாக இது கெட்டுப்போவது ஒரே இடத்தில்: நடுவர் கையைத் தூக்கும் முன்பே பையன் முகத்தைத் திருப்பிக்கொள்வான், திரும்பிய முகம் மறுபடி வராது. அதனால் ‘அறிவிப்பு வரை கண் நடுவர் சட்டையில்’ என்று ஒரே கட்டளையாகச் சொல்லிப் பழக்குங்கள். பாட்டிலுக்கு வழி இன்னும் எளிது. அது பையன் காலடியில் இருக்கக் கூடாது, கோச் கையில் இருக்கட்டும்.

அழட்டும். அழுவது ஒழுங்கீனமே இல்லை. ‘ஆம்பளப் புள்ள அழுவலாமா’ என்று அங்கேயே அடக்கினால் அது பாட்டில் மேல்தான் போகும். கை கொடுத்து முடிந்ததும் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் உட்கார, கூட்டம் இல்லாத ஓர் இடத்தைக் காலையிலேயே பார்த்து வையுங்கள்.

பல வீடுகளில் தெரியாத ஒரு விஷயம் ரெப்பசாஜ். அந்த முறையில் நடக்கும் போட்டியில், உங்கள் பையனைத் தோற்கடித்தவன் இறுதிப் போட்டிக்குப் போனால், உங்கள் பையனுக்கு வெண்கலத்துக்கு மறுபடி வாய்ப்பு வரும். ஆக, தோற்ற நிமிடத்திலிருந்து அந்த எதிராளி ஜெயிக்க வேண்டும் என்று கைதட்ட உங்களுக்குச் சொந்தக் காரணமே இருக்கிறது! கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாலோ, ஒழுங்கீனத்துக்காகத் தகுதி நீக்கப்பட்டாலோ அது போச்சு. எல்லாச் சின்னப் போட்டியிலும் இந்த முறை இருக்காது. எடை பார்க்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

எடை என்றதும் ஒன்று. பாட்டில் உதைத்த அன்று காலையில் அவன் என்ன சாப்பிட்டான் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பிரிவு கீழே இறங்குவதற்காக முதல் நாளே தண்ணீரை நிறுத்தி, நம் ஊர்ப் புழுக்கத்தில் ரெயின்கோட் போட்டு ஓடவிடும் வழக்கம் இருக்கிறது. உடம்பில் நீர் வற்றிய பையன் சிடுசிடுவென்றுதான் இருப்பான். பிடியும் தளரும், நாக்கும் தடிக்கும். உயிருக்கும் ஆபத்து: 1997 கடைசியில் அமெரிக்காவில் இப்படி எடை குறைக்கப் போய் மூன்று கல்லூரி வீரர்கள் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். வளரும் வயதில் அவன் சாதாரணமாக இருக்கும் எடையிலேயே ஆடட்டும். எடை பார்த்ததும் இரண்டு மூன்று இட்லி, ஒரு வாழைப்பழம், உப்புப் போட்ட நீர்மோர் போதும். புரோட்டா வேண்டாம்.

ஜெயிக்கும்போது நடப்பதையும் கவனியுங்கள், அதை யாரும் புகார் சொல்வதில்லை. கபடியைப் பார்த்து வளர்ந்த பையன்கள் ஜெயித்ததும் எதிராளி மூலையைப் பார்த்துத் தொடை தட்டுகிறார்கள். இறங்குமுன் தட்டுவது பழைய குஸ்தி வழக்கம். விழுந்து கிடப்பவன் முகத்துக்கு நேராகத் தட்டுவது வம்பு. கொண்டாட்டத்தில் பதக்கமே போன கதையும் உண்டு. 2016 ரியோ ஒலிம்பிக், 65 கிலோ வெண்கல ஆட்டம். 7-6 என்று முன்னால் இருந்த மங்கோலிய வீரர் மண்டக்நரன் கடைசி நொடிகளில் பிடிக்கு வராமல் ஓடிக் கொண்டாடினார். பிடியைத் தவிர்த்ததற்காக எதிராளிக்கு ஒரு பாயிண்ட் விழுந்தது, பதக்கம் உஸ்பெகிஸ்தானின் நவ்ரூசோவுக்குப் போயிற்று. மங்கோலியக் கோச்சுகள் இருவர் மேட்டிலேயே உடைகளைக் களைந்து எதிர்ப்புக் காட்டினார்கள். முடிவு மாறவில்லை.

எதிராளி கிள்ளினால், விரலை முறுக்கினால் திருப்பிச் செய்யக் கூடாது. நடுவர் கண்ணில் படுவது பெரும்பாலும் இரண்டாவது கைதான். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் 57 கிலோ அரையிறுதியில் ரவி தஹியாவின் கையைக் கசகஸ்தான் வீரர் கடித்தார். தஹியா பிடியை விடவில்லை, எதிராளியின் இரண்டு தோளையும் மேட்டில் அழுத்தி, ஆட்டத்தையே முடிக்கும் ஃபாலில் ஜெயித்தார். உங்கள் பையன் சத்தமாக ‘சார், விரல்!’ என்று நடுவரிடம் சொல்லப் பழகினால் போதும். ஆனால் எதிர்க்கூட்டம் சாதியை, ஊரை இழுத்துப் பேசினால் பொறுத்துப் போக வேண்டியதில்லை. கோச்சும் பி.இ.டி. சாரும் எழுத்தில் புகார் கொடுக்கட்டும்.

வீடு திரும்பும் பயணத்துக்கு ஒரு விதி. தஞ்சாவூரிலிருந்து பைக்கில் வரும்போது வடுவூர் ஏரி தாண்டும் வரை போட்டியைப் பற்றி அப்பா வாய் திறக்கக் கூடாது. பையனே பேசினால் கேட்டுக்கொள்ளலாம். வண்டியில் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையால் எழுந்து போக முடியாது, பதிலும் சொல்ல முடியாது. அங்கே கேட்ட வசவுதான் அடுத்த தோல்வியில் பாட்டிலை உதைக்கிறது. ராத்திரி சாப்பிட்ட பிறகு நோட்டைத் திறந்து, ‘1:15-ல என்னாச்சு?’ என்று ஒரே ஒரு கேள்வி. ஸ்போர்ட்ஸ் கோட்டா, சர்டிபிகேட் பேச்சு அன்றைக்கு வேண்டாம். அந்தக் கவலை நியாயம்தான், ஆனால் அவனுக்கு அது ஏற்கெனவே தெரியும்.

இரண்டு மூன்று போட்டி இப்படிப் பார்த்தும் உங்கள் கணவரால் முடியவில்லை என்றால், அடுத்த இரண்டு போட்டிக்குப் பையன் கோச்சுடன் மட்டும் போகட்டும். இதை நீங்கள் சொல்ல வேண்டாம், கோச் சொல்லட்டும். பழைய ஆட்டக்காரர்கள் கோச் பேச்சுக்குக் கட்டுப்படுவார்கள்.

போன மாத விஷயம் பாக்கி இருக்கிறது. எதிராளிப் பையனின் கோச்சுக்கு உங்கள் கோச் போன் போடட்டும். உங்கள் மகன் இரண்டே வாக்கியம் பேசினால் போதும்: ‘அன்னைக்கு நான் கை குடுக்காமப் போனது தப்பு சார். அவன்ட்ட சொல்லிடுங்க.’ காரணம் எதுவும் சேர்க்கக் கூடாது. ‘நடுவர்தான்’ என்று ஆரம்பித்தால் போனை வாங்கிவிடுங்கள். மாவட்ட அளவில் ஒரே எடையில் அதே நாலைந்து பையன்கள்தான் திரும்பத் திரும்ப மோதுவார்கள். அடுத்த போட்டியில் எடை பார்க்கும் வரிசையில் அந்தப் பையன் நிற்பான். ஆட்டம் தொடங்க வெகுநேரம் இருக்கும்போதே, அங்கே போய் இவன் முதலில் கையை நீட்டட்டும்.