கரண்ட் வைப்பது மட்டும்தானா பிசியோதெரபி?

வாசகர் கேள்விகளுக்கு மதுரையைச் சேர்ந்த இயன்முறை மருத்துவர் ஒருவர் பதில் அளிக்கிறார்.

என் மகளுக்கு எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்கவில்லை. பி.பி.டி. (பிசியோதெரபி இளநிலைப் படிப்பு) சேர்த்துவிடு என்கிறார் அவள் மாமா. படித்தால் வருமானம் வருமா? மரியாதை இருக்குமா?
— ஒரு தாய், சிவகாசி

மாமா சொல்வதை எழுதிவிட்டீர்கள். மகள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லையே, அம்மா!

ஒன்று செய்யுங்கள். பணம் கட்டுவதற்கு முன், பக்கத்து அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் அனுமதி கேட்டு ஒரு காலைப்பொழுது அவளை உட்கார வையுங்கள். பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவர் ஒரு விரலை நீட்ட அரை மணி நேரம் போராடுவார், அன்றைக்கு நீட்டாமலே வீட்டுக்கும் போவார். அதைப் பார்த்துக் கொட்டாவி விட்டால் வேறு படிப்பு பாருங்கள். 'நாளைக்கு நீட்டிவிடுவாரா?' என்று கேட்டால் தாராளமாகச் சேர்க்கலாம்.

வருமானம் மெதுவாகத்தான் வரும். கணினி வேலைக்குப் போன தோழியின் முதல் சம்பளத்தோடு ஒப்பிட்டால் வயிறு எரியும். நாலைந்து வருடம் தாக்குப்பிடித்து, கைராசிக்காரர் என்று பெயர் வாங்கியவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள். என் காலத்தில் நான்கு வருடப் படிப்பு, அதன் பிறகு ஆறு மாதப் பயிற்சி. இப்போது பாடத்திட்டமும் சேர்க்கை விதிகளும் மாறி வருவதால் கல்லூரியில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பி.பி.டி. முடித்துத் தனியார் கிளினிக்கில் இருக்கிறேன். காலை முதல் இரவு வரை இடுப்புக்கும் தோளுக்கும் மெஷின் போடுவதுதான் வேலை. அலுத்துவிட்டது. எம்.பி.டி. (முதுநிலைப் படிப்பு) படித்தால் மாறுமா? எந்தப் பிரிவு எடுக்கலாம்?
— ஓர் இளைஞர், ஈரோடு

உங்கள் அலுப்பு நியாயமானது. 'கரண்ட் வைக்க வந்தேன்' என்று சொல்லித்தான் நம் ஜனங்கள் உள்ளே வருகிறார்கள். மெஷின் மூலம் மெலிதான மின்சாரம் பாய்ச்சுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வலியைச் சற்று அடக்க அது உதவும். ஆனால் படுத்துக்கொண்டு கரண்ட் மட்டும் வாங்கிப் போகிறவருடைய தசைக்குப் பலம் எங்கிருந்து வரும்?

எம்.பி.டி. இரண்டு வருடம். எல்லோருக்கும் விளையாட்டுப் பிரிவின் மேல்தான் கண். கிரிக்கெட் மைதான ஓரத்தில் நிற்கும் கனவு. இடங்கள் குறைவு, வரிசை நீளம். இதய நுரையீரல் பிரிவைப் பலர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பைபாஸ் முடிந்தவரிடம் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லிக்கொடுப்பதும், மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்துக் கருவியை உறிஞ்ச வைப்பதும் சின்ன வேலையாகத் தெரியும். சளி தேங்கி நிமோனியா வராமல் காப்பது அதுதான்.

என்னைக் கேட்டால் நரம்பியல். ஒரே நோயாளியை மாதக்கணக்கில் பார்க்கலாம், அவர் வீட்டையும் பார்க்கலாம். தையற்காரர் ஒருவருக்குப் பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. அவர் மனைவி பாசத்தில் சோறு ஊட்டினார், சட்டை மாட்டிவிட்டார், எழுப்பும்போது விழுந்த கையையே பிடித்து இழுத்தார். இரண்டும் கெடுதல். பலம் இல்லாத கையை இழுத்தால் தோள்மூட்டு கீழிறங்கி வலி எடுக்கும். பயன்படுத்தாத கையை மூளையும் மெல்ல மறந்துவிடும். இடுப்பைப் பிடித்து எழுப்ப மனைவிக்குக் கற்றுக்கொடுத்தேன்.

பிறகு தையற்காரருடைய பித்தான் டப்பாவையே தட்டில் கொட்டி, அளவு வாரியாகப் பிரிக்கச் சொன்னேன். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் சேர மறுத்தன. பித்தான் வழுக்கி வழுக்கி விழுந்தது. எரிச்சலில் தட்டைத் தள்ளிவிட்ட நாளும் உண்டு. ஒருநாள் காட்டுவதற்காக நானே சிலவற்றைப் பிரித்து வைத்தேன். "கோட்டுப் பித்தானைக் கொண்டுபோய்ச் சட்டைப் பித்தானோடு போட்டிருக்கிறீர்களே!" என்று கடிந்துகொண்டு, தன் வலது கையாலேயே அதை எடுத்து மாற்றினார். கற்றுக்கொடுக்கிறோம் என்ற நினைப்பு இல்லாதபோதுதான் கை ஓடியது. அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அவர் பார்த்த தொழிலைத்தான் கேட்கிறேன்.

உங்கள் கிளினிக்கிலேயே ஒரு நோயாளிக்காவது மெஷினை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் அவர் கூடவே நின்று பாருங்கள். பிரிவு எதுவென்று தானாகத் தெரியும்.

நீங்கள் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுக்கொள்வீர்களா?
— வாசகர், கும்பகோணம்

2025 செப்டம்பரில் கூடாது என்று டெல்லியிலிருந்து மத்திய சுகாதாரத் துறையின் கடிதம் ஒன்று வந்தது. மறுநாளே திரும்பப் பெற்றார்கள். என் நோயாளிகள் என்னைக் 'கரண்ட் டீச்சர்' என்கிறார்கள். அந்தப் பட்டத்தை எந்தக் கடிதமும் பறிக்க முடியாது.

அம்மாவுக்கு முட்டி மாற்று அறுவை சிகிச்சை முடிந்தது. பிசியோதெரபிஸ்ட் காலை மடக்கும்போது அழுகிறார். உங்களுக்கெல்லாம் இரக்கமே கிடையாதா?
— மகன், திருச்சி

இருப்பதால்தான் மடக்குகிறோம். நாற்காலியிலிருந்து எழவும் படியிறங்கவும் முட்டி ஏறக்குறைய 90 பாகையாவது மடங்க வேண்டும். முதல் சில வாரங்களில் விட்டுவிட்டால் உள்ளே தழும்பு இறுகி, பிறகு மடக்குவது பெரும்பாடு. வலி மாத்திரையைப் பயிற்சிக்குச் சற்று முன்பாகக் கொடுக்கலாமா என்று அறுவை மருத்துவரிடம் கேளுங்கள். முடிந்ததும் ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால் மட்டும் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம்.

நகரத்துக்கு வர விருப்பமில்லை. கிராமத்தில் இந்தப் படிப்புக்கு வேலை உண்டா?
— இறுதியாண்டு மாணவி, தென்காசி

உங்கள் மாவட்டத்திலேயே ஆய்க்குடி இருக்கிறதே! 1975இல் கடற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் அங்கேதான். வளர்ச்சி தாமதமான குழந்தைகளைச் சிறு வயதிலேயே கண்டுபிடித்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். பயிற்சிக் காலத்தில் அங்கே போய்க் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீடு தேடிப் போகும் பிசியோதெரபி உண்டு. ஒப்பந்த வேலைதானா, நிரந்தரமா என்று சேரும் முன் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வீடுகள் ஒன்றுக்கொன்று தூரம், மினி பஸ் நம் நேரத்துக்கு வராது. இப்போதே ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் எடுத்துவிடுங்கள்.