சுற்றுலாத் துறையில் ‘உளவியல் அதிகாரமளிப்பு’ என்றால் என்ன? அதனால் வேலை எப்படி மேம்படுகிறது?

‘இந்த வேலை என் கையில் இருக்கிறது’ என்று ஊழியருக்கு உள்ளுக்குள் தோன்றுவதுதான் அது. 1995-இல் ஆய்வாளர் கிரெட்சன் ஸ்ப்ரைட்சர் இதை அளக்க நான்கு கூறுகளை எடுத்துக்கொண்டார்: வேலைக்கு அர்த்தம் இருக்கிறது, எனக்குச் செய்யத் தெரியும், எப்படிச் செய்வதென்று நானே முடிவெடுக்கலாம், நான் செய்வதால் ஏதோ மாறுகிறது.

சுற்றுலாவில் சேவை விருந்தினர் கண்ணெதிரே நடந்து முடிந்துவிடுகிறது. பொருள்போலத் திருப்பி வாங்கிச் சரிசெய்ய முடியாது. நள்ளிரவில் வந்திறங்கிய குடும்பத்தின் அறையில் ஏசி ஓடவில்லை. வரவேற்பு மேசைக்காரர் தாமாகவே வேறு சாவியை நீட்டினால் இரண்டு நிமிட வேலை. ‘மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்றால், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்கள் நிற்க வேண்டியதுதான். ஊழியருக்கும் அது அவமானம்தான். அடுத்த முறை முயற்சியே எடுக்க மாட்டார்.

டிரைவிங் ஸ்கூல் காரை நினைத்துப் பாருங்கள். ஸ்டீயரிங் உங்களிடம், இன்னொரு பிரேக்கில் பயிற்சியாளர் கால். உங்கள் கவனம் சாலையில் இருக்குமா, அந்தக் காலில் இருக்குமா? எதற்கும் மேனேஜரைக் கேட்க வேண்டியிருக்கும் ஊழியரின் நிலையும் இதுதான்: கவனம் விருந்தினர்மேல் இருக்காது.

பல நிர்வாகங்கள் அதிகாரமளிப்பைத் தப்பாகப் புரிந்துகொள்கின்றன: பயிற்சியும் தகவலும் தராமல் ‘நீயே பார்த்துக்கொள்’ என்று தலையில் கட்டுவது அதிகாரமளிப்பு ஆகாது.