சங்கத்தின் மின்னஞ்சல் மடல் பற்றி உறுப்பினர்களிடம் எப்படிக் கருத்துக் கேட்பது?

கேள்வி: எங்கள் வரி ஆலோசகர் சங்கம் மாதாமாதம் உறுப்பினர்களுக்கு மின்னஞ்சலில் செய்திமடல் அனுப்புகிறது. அதை மேம்படுத்த அவர்களிடம் எப்படிக் கருத்துக் கேட்கலாம்?

நானும் ஒரு வரி ஆலோசகர் சங்கத்தில் மடல் வேலையைப் பார்ப்பவன். மடலின் அடியில் கூகுள் ஃபார்ம் இணைப்பைப் போட்டுவிட்டு அத்தோடு நிறுத்தாதீர்கள். அந்த இணைப்பு கண்ணில் படுவது மடலைத் திறந்து கடைசிவரை படிப்பவருக்குத்தான். அவர் "அருமை, தொடரட்டும்" என்று எழுதுவார். திறக்காதவர் என்ன நினைக்கிறார் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும். அவரைப் போனில்தான் பிடிக்க முடியும்.

உறுப்பினர் பதிவேட்டை எடுத்துப் பத்துப் பேருக்கு ஒருவர் என்று வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர்களாகப் பொறுக்கினால் கூட்டத்துக்குத் தவறாமல் வரும் அதே முகங்கள்தான் மிஞ்சும். தாலுகா ஊரில் தனியாக அலுவலகம் நடத்துபவர், புதிதாகச் சேர்ந்தவர், சந்தா கட்டுவதோடு சரி என்று இருப்பவர் எல்லாரும் அந்தப் பட்டியலில் வரட்டும்.

"மடலில் என்ன வேண்டும்?" என்று ஆரம்பிக்காதீர்கள். தீர்ப்புகள் வேண்டும், தமிழில் கட்டுரை வேண்டும், கேள்வி பதில் வேண்டும் என்று மரியாதைக்கு எல்லாவற்றையும் சொல்வார்கள். நடந்ததைக் கேளுங்கள். போன மாத மடல் வந்ததா? போனில் பார்த்தீர்களா, ஆபீஸ் கணினியிலா? அதில் எதையாவது கிளையன்டுக்கு அனுப்பினீர்களா? புதிதாக ஒரு ஜிஎஸ்டி அறிவிக்கை வந்தால் முதலில் யார் மூலம் தெரிகிறது? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். "வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கே வந்துவிடுகிறது சார்" என்று பலர் சொன்னால், உங்கள் மடல் அறிவிக்கையைத் திருப்பிப் போட வேண்டியதில்லை. அது எந்த வகை வியாபாரியைப் பாதிக்கும், ரிட்டர்னில் எந்த இடத்தில் என்ன மாற வேண்டும் என்று விளக்கினால் போதும்.

இன்னொன்று, பயம். சங்கத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். தலைவர் எழுதும் பக்கத்தை நான் படிப்பதில்லை என்று தலைவரிடமே யார் சொல்வார்? அதனால் பொறுப்பில் இல்லாத ஓர் இளம் உறுப்பினர் போன் செய்யட்டும். செயற்குழுவுக்குப் பெயர் இல்லாமல் பதில்கள் மட்டும் போகட்டும். கூகுள் ஃபார்மில் மின்னஞ்சல் முகவரி சேகரிப்பதை நிறுத்திவிடுங்கள். ஒருவருக்கு ஒரே பதில் என்ற கட்டுப்பாட்டையும் எடுத்துவிடுங்கள். அது கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும், அதைப் பார்த்ததுமே தயங்குபவர்கள் உண்டு. யாராவது இரண்டு முறை நிரப்பினால் நிரப்பட்டும், வெளிப்படையான பதில்தான் நமக்கு முக்கியம்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்று மென்பொருள் காட்டும் கணக்கைக் கருத்தாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மடலில் உள்ள படம் இறங்குவதை வைத்துத்தான் மென்பொருள் அதை எண்ணுகிறது. 2021 செப்டம்பரில் ஐபோனுக்கு ஐஓஎஸ் 15 வந்தபோது, ஆப்பிள் மெயிலில் ஒரு தனியுரிமை வசதி வந்தது. அந்த வசதியை இயக்கி வைத்திருப்பவர் மடலைத் தொடாவிட்டாலும் படங்கள் முன்கூட்டியே இறங்கிவிடும், திறந்ததாகக் கணக்கு ஏறும். ஜிமெயிலில் வேறு சிக்கல். மடலின் அளவு சுமார் 102 கேபியைத் தாண்டினால் மீதியை வெட்டி மறைத்துவிடும், உங்கள் கருத்துக் கேட்கும் இணைப்பும் அதோடு போய்விடும். எனவே ஒரே ஒரு கேள்வியை, "இந்த இதழில் எது உங்களுக்குப் பயன்பட்டது?" என்று மேலேயே வையுங்கள். பதில் போட்டால் ஒரு மனிதருக்குப் போய்ச் சேரும் முகவரியிலிருந்து அனுப்புங்கள். பதில் அனுப்பாதீர்கள் என்று முகவரியிலேயே எழுதி வைக்கும் சங்கங்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அப்புறம், கேட்டதை வைத்து என்ன செய்தீர்கள் என்று அடுத்த இதழிலேயே சொல்லுங்கள். எதை மாற்றினோம், எதை மாற்றவில்லை, ஏன் என்று நாலு வரி போதும். அதைச் சொல்லாவிட்டால் அடுத்த முறை போனை எடுக்கவே யோசிப்பார்கள்.

நேரமும் பார்க்க வேண்டும். 7ஆம் தேதி டிடிஎஸ் (பிடித்த வரியைக் கட்டுவது), 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 1, 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 3பி என்று ஜிஎஸ்டி ரிட்டர்ன்கள் என ஓடுபவரிடம் நடுவில் போய்க் கருத்துக் கேட்டால் எரிச்சல்தான் வரும். செப்டம்பரில் தணிக்கை வேலை தலைக்கு மேல் இருக்கும், அந்த மாதம் வேண்டவே வேண்டாம். மற்ற மாதங்களில் 25ஆம் தேதிக்கு மேல், சாயங்காலமாகக் கூப்பிடுங்கள்.